உறுமும் சக்கரம் உடையார் புகழ்



வேலூர் முதல் வாணியம்பாடி வரை, பாலாற்றை ஒட்டிய ஊர்களில் பதினைந்து வயது தாண்டிய காரை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசடர் அதே ஆண்டு மே மாதம் நின்றுபோனது. செய்தவர்களே கைவிட்ட வண்டியை நீங்கள் கைவிடவில்லை. பதினைந்தாம் ஆண்டு பதிவைப் புதுப்பித்தீர்கள். ஐந்தாண்டு கழிந்ததும் மறுபடியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடந்தீர்கள். அதே உறுதியோடு, அந்த வண்டியின் முன்சக்கரத்திலிருந்து மாதக்கணக்கில் வரும் உறுமலையும் கைவிடாமல் காத்து வருகிறீர்கள். இவ்வளவு தூரம் வந்தவரின் குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிப் புகழாவிட்டால் அது குறையாகும்.

முதற்குணம் பொறுமை. அது தோல் பதனிடும் இந்த மண்ணின் குணம். பச்சைத் தோலை ஊறப் போட்டு, சுண்ணாம்பில் இட்டு, மயிர் நீக்கி, சதை சீவி, பதனேற்றி, எண்ணெய் ஊட்டி, காயவைத்து, மெருகிட்டு எடுக்கும் வரை அவசரம் காட்டினால் சரக்கு கெட்டுவிடும் என்பது ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தில் அது வாரக்கணக்கில் நீண்ட வேலை. அப்படிக் காத்திருந்தவர்களின் வழியில் வந்தவர் நீங்கள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய முனகலாகத் தொடங்கிய ஒலி, அறுபதில் உறுமலாகி, எண்பதில் பேச்சையே அமுக்கியது. முதலில் கண்ணாடியை ஏற்றிவிட்டீர்கள். பிறகு பாட்டின் சத்தத்தைக் கூட்டினீர்கள். பின்சீட்டிலிருந்து அம்மா, "என்னப்பா சத்தம்?" என்று கேட்டபோது, "ரோடு அப்படிம்மா" என்றீர்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகளைச் சுமக்கிறது. உங்கள் வண்டியின் பழியையும் சேர்த்துச் சுமந்துகொண்டது.

காத்திருந்தால் தோல் தேறும். வீல் பேரிங் தேறாது. ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் குண்டுகள் அல்லது உருளைகள், அவற்றை இடைவெளி விட்டு நிறுத்தும் கூடு, உள்ளே கிரீஸ், அதைக் காக்கும் ஆயில் சீல்: பேரிங் என்பது இவ்வளவுதான். ஆனால் வண்டியின் முன்பக்கப் பாரம் முழுவதும் அந்தக் குண்டுகள் வழியாகத்தான் தரையில் இறங்குகிறது. பொதுவாக அவற்றைச் செய்யும் எஃகில் ஏறத்தாழ 1 சதவீதம் கார்பனும் 1.5 சதவீதம் குரோமியமும் உண்டு. நம் டேனரி டிரம்மில் தோலுக்குள் ஏறி அதை அழுகாமல் காக்கும் அதே தனிமம், இங்கே எஃகு ஆழம் வரை கெட்டிப்பட உதவுகிறது. அவ்வளவு கெட்டியான எஃகும் கோடிக்கணக்கான முறை அழுத்தம் வாங்கினால் களைத்துப்போகும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மயிரிழை போல் விரிசல் விடும். அது மேலேறி வந்து ஒரு செதிலைப் பெயர்த்துவிடும். அந்தப் பள்ளத்தை ஒவ்வொரு குண்டும் கடக்கும்போது எழும் தட்டல்கள் சேர்ந்ததுதான் நீங்கள் கேட்கும் உறுமல். பெயர்ந்த செதிலுக்கு வெளியே போக வழியில்லை. கிரீஸோடு கலந்து, நன்றாக இருக்கும் இடங்களையும் அது அரைக்கிறது. நீங்கள் பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே கேடு நேற்றைவிட வேகமாக நடக்கிறது.

தண்ணீரைக் கண்டு பின்வாங்காதவர் என்ற புகழும் உங்களுக்கு உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது கரையோரத் தெருக்களில் முழங்காலளவு நீரில் வண்டி ஓட்டியவர்களை ஊரே பார்த்தது. ஆம்பூர் ரெட்டித்தோப்பு ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் தேங்கினால், சுற்றிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருவதில்லை. ஓடிச் சூடேறிய, சக்கரத்தின் நடுவே பேரிங் அமர்ந்த ஹப் குளிர்ந்த நீரில் சட்டென்று மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீலின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் வெளுத்து நீர்த்துப்போகும். வண்டி நின்ற இடத்திலேயே குண்டு பட்ட இடமெல்லாம் துருப்புள்ளி விழும். வெள்ளம் வடிந்து சில வாரம் கழித்துத்தான் முனகல் கேட்கும். அதற்குள் வெள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள். தண்ணீரில் இறங்கிய வண்டியின் நான்கு சக்கரத்தையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்வது பட்டறைக்காரரின் பேராசை என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னதையும் ஊர் மறக்கவில்லை.

இரண்டாவது, உங்கள் செவியும் விரலும். டேனரியில் ஆளுயரத்தைத் தாண்டிச் சுழலும் மர டிரம்மின் தாங்குமிடத்தில் லேசான முனகல் எழுந்தால், அடுத்த ஷெட்டில் நிற்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். உடனே ஆளை அனுப்புவீர்கள். டிரம் பாதியில் நின்றால் உள்ளே இருக்கும் லோடு முழுதும் வீணாகும் என்ற கவலை. விரலோ அதைவிட நுட்பம். தோலின் மேல் ஒருமுறை தடவி, எது ஷூவின் முன்பக்கத்துக்கு ஆகும், எது உள்பக்கத்துக்குத்தான் ஆகும் என்று பிரித்துவிடுவீர்கள். இப்படிப்பட்ட காதும் விரலும் வேறு எந்த ஊரில் இவ்வளவு பேருக்கு வாய்த்திருக்கின்றன? அவற்றை டேனரி கேட்டுக்கு வெளியே நீங்கள் பயன்படுத்துவதில்லை. சரக்கு தோலாக இருந்தால் கேட்கும் காது, சரக்கு சொந்த மனைவி மக்களாக இருக்கும்போது கேட்பதில்லை.

அந்தக் காதைத் திறந்தால் முன்சக்கரம் எல்லாவற்றையும் சொல்லும். ஆளில்லாத நேராக ஓடும் சாலையில், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைச் சற்று உருளவிட்டுப் பாருங்கள். எஞ்சின் ஒலி அடங்கியும் உறுமல் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறையத் தணிந்தால், குறை சக்கரத்தில் இருக்கிறது. பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் மாறினால், முதலில் பிரேக் பேடையும் டிஸ்க்கையும் பாருங்கள். டிஸ்க்குக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் நடுவே சிக்கிய ஒரு சிறுகல்கூட உயிர்போகிற மாதிரி கத்தும். மேடு பள்ளத்தில் மட்டும் 'டொக்' என்று கேட்டால் பால் ஜாயின்ட், புஷ், சஸ்பென்ஷன் பக்கம் போக வேண்டும். நீண்ட வளைவில் வண்டி வலப்பக்கம் திரும்பும்போது உறுமல் ஏறி, இடப்பக்கம் திரும்பும்போது இறங்கினால், பாரம் ஏறுகிற இடப்பக்கப் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எதிர்மாறாக இருந்தால் வலப்பக்கம். இது தவறவே தவறாத விதி அல்ல. ஆனாலும் எங்கே கைவைக்க வேண்டும் என்பதைக் காசில்லாமல் சொல்லிக்கொடுக்கும் விதி.

மூன்றாவது, கொடை. ஏலகிரி மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தமிழ்ப் புலவர்களின் பெயரையும் கடையெழு வள்ளல்களின் பெயரையும் அவற்றுக்கு இட்டிருக்கிறார்கள். பாரி வளைவு, பேகன் வளைவு என்று கடந்து போகும்போது உங்கள் பெயருக்கும் ஒரு வளைவு இருக்கக்கூடாதா என்று தோன்றுகிறது. முல்லைக்கொடி கேட்காமலே தேரைக் கொடுத்தான் பாரி. மயில் கேட்காமலே போர்வை கொடுத்தான் பேகன். உங்கள் வண்டி வாய்விட்டுக் கேட்டது ஒரு பேரிங். நீங்கள் கொடுத்ததோ இரண்டு புது டயர். அப்போதும் உறுமியது. வீல் அலைன்மெண்ட் கொடுத்தீர்கள். பேலன்சிங் கொடுத்தீர்கள். அதற்கும் அடங்காததால் புது சீட் கவரும் தரைக்கு மொத்தமான மேட்டும் கொடுத்தீர்கள். கேட்காததை எல்லாம் கொடுத்து, கேட்டதை மட்டும் கொடுக்காத வள்ளல் அந்த ஏழு பேரில் ஒருவரும் இல்லை.

டயரைச் சந்தேகித்ததில் தவறில்லை. ஒரு பக்கமாகவோ திட்டுத் திட்டாகவோ தேய்ந்த டயரும் பேரிங் போலவே உறுமும். பிரித்தறிய வழி உண்டு, அதற்குப் பணம் வேண்டாம். டயரின் சத்தம் சாலையின் மேற்பரப்புக்கு ஏற்ப மாறும். சொரசொரப்பான தாரிலிருந்து வழுவழுப்பான தாருக்கு வண்டி ஏறியதும் குரல் மாறினால் டயர். எந்தச் சாலையிலும் ஒரே குரல் என்றால் பேரிங். இன்னும் ஐயம் இருந்தால், முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் பின்னால் போய்விட்டால் டயர்தான். முன்னாலேயே நின்றால் டயர் கடைக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் புது டயர் வாங்குவதைக் கொடை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அந்தக் கொண்டை ஊசிகள் இன்னொரு உண்மையையும் காட்டிக்கொடுக்கும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது 'கட கட கட' என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தால் அது ஆக்ஸில் ஜாயின்ட். அதன் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போயிருக்கும். தொடர்ந்த உறுமல் பேரிங், விட்டு விட்டு வரும் சத்தம் ஜாயின்ட். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மாற்றிவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

நான்காவது, உங்கள் அழகுணர்ச்சி. பதிவைப் புதுப்பிக்கும் ஆண்டு வந்தால் வண்டிக்கு டிங்கரிங், பெயின்டிங், பம்பருக்குப் பாலிஷ், டயருக்குக் கறுப்பு, டேஷ்போர்டில் புது மலர்மாலை. ஆயுதபூஜை அன்று திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டும் அழகைக் காணக் கண்கோடி வேண்டும். எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த அந்தக் கணத்தில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டியிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

நாம் வாழும் நிலம் தொண்டை மண்டலம். இந்த நிலத்து அரசனான தொண்டைமானிடம் அதியமானின் தூதாக அவ்வை போனதும், அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டியதும், அவள் பாடியதும் புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கின்றன. உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, எம் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அவள் சொன்னதன் சாரம். வேலை செய்யும் கருவி பட்டறைக்குப் போய்வரும், வேலை செய்யாதது மினுமினுக்கும் என்பதை அவன் முகத்துக்கு நேரே புகழாகச் சொல்லிவிட்டு வந்தாள். தொண்டைமானாவது ஆயுதங்களுக்கு நெய்யேனும் பூசினான். உங்கள் வண்டியின் மேல்தகட்டுக்கு மெழுகு பூசியிருக்கிறது. ஹப்பின் உள்ளே கிரீஸ் எப்போது வைத்தது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அதே ஏலகிரியில் அவ்வைக்கும் ஒரு வளைவு உண்டு, அதியமானுக்கும் ஒன்று உண்டு. மலையேறும் முன் செய்ய வேண்டிய சோதனைக்குக் கால்மணி நேரம் போதும். சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே தலையை நீட்டக்கூடாது. பிறகு சக்கரத்தைப் பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் இழுத்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங்கின் ஆட்டம். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட்டின் ஆட்டம். ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் பாருங்கள்.

ஆட்டமே இல்லாமலும் பேரிங் கெட்டிருக்கலாம். அதற்குத்தான் உங்கள் விரல். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றி, மறு கையை சஸ்பென்ஷனின் சுருள்வில்லின் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் வில்லில் எதுவும் தெரியாது. கெட்டது என்றால் மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் விரலில் ஏறும். மறுபக்கச் சக்கரத்திலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். தோலின் மேல் பூச்சிக் கடித் தழும்பைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும் விரலுக்கு இது கடினமே அல்ல.

ஐந்தாவது, விருந்தோம்பல். ஐவர் அமரும் வண்டியில் எட்டுப் பேரை ஏற்றி, டிக்கியில் அரிசி மூட்டையும் அண்டாவும் வைத்து, மேலே கேரியரிலும் கட்டி, வாணியம்பாடியில் ஒரு கல்யாணம், குடியாத்தத்தில் ஒரு வளைகாப்பு என்று யாரையும் விட்டுவிடாமல் அழைத்துப் போகும் மனம் எல்லோருக்கும் வராது. குண்டு பேரிங்கின் ஆயுளைக் கணக்கிடும் பொறியாளர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிறது. பாரம் கால் பங்கு கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். விருந்தினரை ஏற்றும் உங்கள் மனத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. பேரிங்குக்குத் தெரியும்.

ஆறாவது, சிக்கனம். டயருக்கும் சீட் கவருக்கும் அள்ளிக் கொடுத்த கை, கடைசியில் பேரிங் வாங்கப் போகும்போது மட்டும் இறுகிவிடுகிறது. பெயர் தெரிந்த கம்பெனிப் பேரிங்கைக் கடைக்காரர் எடுத்து வைத்தால், "அதே சைஸ்ல லோக்கல் இல்லையா?" என்று கேட்டு வாங்குகிறீர்கள். பெட்டியில் பெயர் அச்சிட்டிருந்தாலும் எழுத்து மங்கலாக, வளையத்தின் மேல் எண் சரியாகப் பொறிக்காமல் இருக்கிறதே என்று பார்ப்பதில்லை. பிறகு பிரஸ் மெஷின் உள்ள பட்டறையை விட்டுவிட்டு, சுத்தியலால் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகிறீர்கள். முன்சக்கரம் இழுக்கும் பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பேரிங், ஹப்பைத் தாங்கும் நக்கிளுக்குள் இறுக்கமாக அமரும். அதை நேராக, மெதுவாக, பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும். நக்கிளுக்குள் இறக்கும்போது விசை வெளிவளையத்தின் மேல் மட்டும் விழ வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்தை அடியிலிருந்து தாங்க வேண்டும். இடம் மாறி அழுத்தினாலோ அடித்தாலோ விசை குண்டுகள் வழியாகப் பாய்ந்து, வழுவழுப்பான பாதையில் குண்டுக்கு ஒரு குழி விழும். புதுப் பேரிங் பூட்டிய அன்றே உறுமத் தொடங்குவது இதனால்தான். "புதுசு போட்டும் சத்தம் போகல, அப்போ பேரிங் இல்ல" என்று முடிவு கட்டி, அடுத்து கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறீர்கள். சிக்கனம் இப்படியும் பெருகும்.

அந்தப் பட்டறைக்காரருக்கும் என் பாராட்டில் பங்குண்டு. ஒரே சுத்தியல், ஒரே உளி, ஒரு பழைய பைப் துண்டு ஆகியவற்றைக் கொண்டு, தொழிற்சாலை தனிக் கருவி வைத்துச் செய்யும் வேலையைச் செய்துமுடிக்கும் துணிச்சல் அவருடையது. கழற்றும்போது உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பேரிங் முடிந்தது என்று அர்த்தம். அதைத் தட்டிச் சேர்த்து மறுபடி பூட்டிக்கொடுப்பார். தேய்ந்த ஆயில் சீலைத் துடைத்து அதையே வைப்பார். ஆக்ஸில் நட்டைப் புதிதாகப் போட வேண்டிய வண்டியில் பழையதையே முறுக்கி, வளைந்த ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடியும் செருகுவார். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குவதை விட்டு, ஸ்பேனரின் மேல் ஏறி நின்று இறுக்குவார். அவருடைய கைக்கு அனுபவம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைக்கு ஒரு பிரஸ்ஸும் ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கிக்கொடுக்கும் கூலியை நாம் ஒருநாளும் கொடுத்ததில்லை. பேரம் பேசிப் பேசி அவரைச் சுத்தியலோடு நிறுத்திவைத்தது நம் சாமர்த்தியம்.

பின்சக்கரம் இழுக்கும் பழைய வண்டிகள் பலவற்றில் முன் ஹப்பில் சாய்வு உருளைப் பேரிங்குகள் இரண்டு இருக்கும். அவை நம் கையால் பேணக்கூடியவை. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, உருளைகளின் இடுக்கெல்லாம் புகும்படி வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் வைத்துத் திணித்து, புது சீல் போட்டுப் பூட்ட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உருளைகளை இடத்தில் அமர்த்தி, பிறகு அந்த வண்டிக்குச் சொன்ன அளவு தளர்த்தி, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். அதிகம் இறுக்கினால் சூடேறி எரியும். அதிகம் தளர்த்தினால் ஆடி உடையும். முன்பெல்லாம் வண்டிகளின் ஆயில் சீலே தோலால் செய்யப்பட்டது. செயற்கை ரப்பர் வரும் வரை எண்ணெயைக் காத்ததும் மண்ணைத் தடுத்ததும் தோல்தான். தோலின் மதிப்பு தெரிந்த ஊரில் சீலின் மதிப்பு தெரியாமல் போனது எப்படி?

கடைசியாகத் துணிவு. இதை மனமாரச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் போன்ற துணிவு எனக்கு வராது. பேரிங் ஆடத் தொடங்கினால் டிஸ்க்கும் சாய்ந்து ஆடும். ஆடும் டிஸ்க் பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். அப்போதும் ஓட்டினால் ஹப்பும் நக்கிளும் தேயும், சூடேறும், கிரீஸ் எரிந்து வழியும். முற்றினால் பேரிங் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அல்லது சக்கரமே வண்டியை விட்டுப் போகும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வண்டியை எண்பதுக்கு மேல் விரட்டும்போது இவ்வளவும் உங்கள் காலுக்குச் சற்றுத் தள்ளி நடந்துகொண்டிருக்கிறது. அது தெரிந்தும் கலங்காமல் கதை பேசிக்கொண்டு ஓட்டுகிறீர்கள். துணிந்து நின்று பெறும் புண்ணுக்குப் போர்க்களத்தில் விழுப்புண் என்று மதிப்பு உண்டு. நெடுஞ்சாலையில் அந்தப் புண் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் விழுகிறது.

புகழ்ந்தது போதும். இனி நேராகவே சொல்கிறேன். இந்தப் பகுதி இந்தியாவின் சட்டத்துக்கு ஒரு பெரிய கொள்கையைக் கொடுத்திருக்கிறது. பாலாற்று நீரையும் விளைநிலத்தையும் தோல் கழிவு கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், கெடுத்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. கேடு முழுதாக நிரூபணமாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தன் செயலால் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு அதைச் செய்பவருக்கே உரியது என்பது அதன் உட்பொருள்.

அந்தக் கொள்கையை நம் ஊர் ஆற்றுக்காகக் கேட்டுப் பெற்றோம். அதை நம் வண்டிக்கும் பொருத்த வேண்டும். முன்சக்கரத்தில் புதிய சத்தம் கேட்டால், சக்கரம் நல்லது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. கெட்டுவிட்டது என்று சக்கரமே கழன்று காட்டும் வரை காத்திருக்க உங்களுக்கு உரிமையில்லை. கேட்ட வாரத்திலேயே தூக்கிப் பாருங்கள். பேரிங் என்று தெரிந்தால், சரிசெய்யும் வரை வண்டியை நெடுஞ்சாலைக்கும் மலைக்கும் எடுக்காதீர்கள். பிரஸ் உள்ள பட்டறையில், நல்ல பேரிங்கும் புது சீலும் புது நட்டும் போட்டு, சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, ஓடி வந்த பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள். பழைய வண்டியை வைத்திருப்பது குற்றமில்லை. ஓடக்கூடியதை ஓட்டுவது நல்ல பண்பு, பேணி ஓட்டினால்.

மாலையில் ஷூ கம்பெனிகளில் வேலை முடிந்து, ஆம்பூரில் நெடுஞ்சாலையைக் கடக்கும் பெண்கள் கூட்டமாக வருவார்கள். உங்கள் பொறுமை, கொடை, துணிவு இவற்றில் எதையும் அவர்கள் கேட்கவில்லை. மிதித்தவுடன் நிற்கும் வண்டி ஒன்றைத்தான் அவர்கள் உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறார்கள். அதைக் கொடுங்கள், வஞ்சகம் இல்லாத புகழை நானே வந்து சொல்கிறேன்.